பாரைப் புதுப்பிச்சாச்சு, பழைய ஆளுங்க முகம் சுளிக்கிறாங்க: முதல்ல எதைச் சரி பண்ணணும்?

கேள்வி: வாய்க்கால்கரை

புதுச்சேரி முதலியார்பேட்டைப் பக்கம் தெருமுனை பார் ஒன்னைப் புதுப்பிச்சுத் திறந்து ஆறு வாரம் ஆச்சு. கணக்கும் வாடிக்கையாளர் குறையும் என் மேஜைக்குத்தான் வருது.

முன்னாடி மங்களூர் ஓடு, மூணு பக்கம் ஜன்னல், நாலு சீலிங் ஃபேன், சிமென்ட் தரை. இப்போ 30க்கு 30 அடி ஹால், ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் 10 அடி உயரத்துல. தரை விட்ரிஃபைட் டைல்ஸ், தெருப்பக்கம் முழுக்கக் கண்ணாடி, ஜன்னல் எல்லாத்தையும் அடைச்சாச்சு. 3 டன் கேசட் ஏசி ரெண்டு. 48 இருக்கை. பின்னாடி கிச்சன், அடுப்பு மேல புகையை இழுக்க நாலடி ஹூடு, நடுவுல தட்டு வாங்குற ஜன்னல் ஒன்னு. கவுன்ட்டர்ல புதுசா டிராஃப்ட் பீர், ரெண்டு குழாய்.

கல்லாவுக்குப் பக்கத்துல ஒரு நோட்டு வச்சோம். புதுசா வர்ற பசங்க "செம லுக்கு"ன்னு எழுதிட்டுப் போறாங்க. பழைய ஆளுங்க எழுதினது வேற மாதிரி. பக்கத்துல இருக்கறவன் பேசறது கேக்கல. எட்டு மணிக்கு மேல பாத்ரூம் வாடை. ஏசி இருந்தும் வேர்க்குது. பீர்ல பாதி நுரை. ஸ்டூல்ல வேட்டியோட ஏற முடியல. பெக் குறையுது. நின்னுக்கிட்டே ஒரு கட்டிங் போட்டுட்டுப் போற திண்டை ஏன் இடிச்சீங்க?

ஓனர் நியான் போர்டு ஒன்னு மாட்டினா கூட்டம் வரும்னு நினைக்கிறார். பெக் மட்டும் நிச்சயமா குறையல, நானே அளந்து பாத்தேன். மத்ததுல எதை முதல்ல தொடறது?


பதில்: காத்துக்குழாய்

வாடை, வேர்வை, பீர் நுரை, சத்தம்னு தனித்தனியா எழுதியிருக்கீங்க. முதல் ரெண்டும் ஒரே குறை. பழைய ஹாலில் மூணு பக்க ஜன்னல் ஒரு வேலை பார்த்துக்கிட்டிருந்தது. அதை அடைச்சப்போ அந்த வேலையை வேற யாருக்கும் கொடுக்கல.

நாலடி ஹூடு 1000 முதல் 1200 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி) வரை காத்தை இழுக்கும். உங்க ஹால் 9000 கன அடி. அதாவது ஏழரை நிமிஷத்துக்கு ஒரு தடவை முழு ஹால் காத்தும் அடுப்பு வழியா வெளியே போகுது. போன அளவுக்கு எங்கிருந்தாவது உள்ளே வந்தாகணும். ஜன்னல் இல்லை, கண்ணாடிக் கதவு மூடியிருக்கு. மிச்சம் இருக்கிற ஒரே ஓட்டை பாத்ரூம் தான். அங்கே இருக்கிற 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் இந்த இழுவைக்கு முன்னால நிக்காது. அது சுத்திக்கிட்டே இருக்கும், காத்து அதையும் தாண்டிப் பின்னோக்கி வரும். எட்டு மணிக்கு மேலன்னு எழுதினவர் சரியா கவனிச்சிருக்கார். அப்போதான் வறுவல் ஆர்டர் ஏறும், ஹூடு முழு வேகத்துல ஓடும்.

நம்பிக்கை இல்லைன்னா ஒரு ஊதுபத்தி போதும். ஹூடு ஓடும்போது பாத்ரூம் கதவுக்கு வெளியே, தரையிலிருந்து ஒரு விரல் உயரத்தில் பிடிங்க. புகை கதவிடுக்குக்குள்ள போனா நல்லது. ஹால் பக்கம் வளைஞ்சா அதுதான் வாடை வர்ற வழி. ஹூடை அணைச்சுட்டு ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடி பிடிங்க. திசை மாறினா பிளம்பரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி டக்ட் (காத்துக் குழாய்) ஆளைக் கூப்பிடுங்க.

வேர்வைக்கும் இதுதான் காரணம். நம்ம ஊர்ல கோடை ராத்திரி வெளிக்காத்து 33 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம்னு வச்சுக்குவோம். அதை 1200 சிஎஃப்எம் அளவுக்கு உள்ளே இழுத்து 25 டிகிரிக்குக் குளிர வைக்க மட்டும் கிட்டத்தட்ட 6 டன் வேணும். உங்க ரெண்டு ஏசியும் சேர்ந்தே 6 டன் தான். 48 பேர் உடம்புச் சூடு அதுக்கு மேல ஒன்றரை டன். இதைப் பார்க்காம மூணாவது ஏசி மாட்டச் சொல்ற ஆளை நம்பாதீங்க.

செய்ய வேண்டியது: இழுக்கிறதுல 80 முதல் 85 சதவீதம் வெளிக்காத்தை கிச்சனுக்குள்ளேயே, ஹூடுக்கு முன்னால தனி ஃபேன் வச்சு விடணும். 1200 போனா 1000 வரட்டும். பாக்கி 200ஐ ஹாலிலிருந்தே இழுக்கட்டும், அப்போதான் கருவாட்டு வாடை ஹாலுக்கு வராது. காத்து அடுப்பு மேல நேரா அடிக்கக் கூடாது, தீ ஆடும், புகை ஹூடைத் தாண்டிச் சிதறும். உள்ளே இழுக்கிற வாயும் வெளியே தள்ளுற வாயும் 10 அடியாவது தள்ளி இருக்கணும். இல்லைன்னா விட்ட புகையே திரும்பி வரும். கடல் காத்துக்கு ஜிஐ தகரம் வெட்டின ஓரத்துலயே துரு பிடிக்க ஆரம்பிக்கும், வெளிக்காத்து உள்ளே வர்ற டக்ட்டுக்கு அலுமினியம் போடுங்க. ஃபில்டரை வாராவாரம் கழுவுங்க.

டக்ட் வேலை முடியற வரைக்கும் கிச்சன் பின்கதவைத் திறந்து கொசுவலைக் கதவு போட்டுடுங்க. தட்டு வாங்குற ஜன்னலுக்கு ஒரு தள்ளு பலகை வச்சு, தட்டு வரும்போது மட்டும் திறங்க. செலவே இல்லாம பாதி குறையும்.


பதில்: நாணிட்ராப்

மேலே சொன்னது சரி. அதோட ஒரு சின்ன விஷயம். வாஷ்பேசின் கீழ குனிஞ்சு பாருங்க. தண்ணி தேங்கி வாடையைத் தடுக்கற பாட்டில் ட்ராப் இருக்கா, இல்லை ஃப்ளெக்சிபிள் குழாயை நேரா தரை ஓட்டைக்குள்ள சொருகியிருக்காங்களா? புது வேலைல பத்துல எட்டு இடத்துல சொருகித்தான் இருக்கும். அப்போ சாக்கடை வாடைக்குத் தடுப்பே கிடையாது.

தரை ஓட்டைக்குக் கீழ இருக்கற நாணி ட்ராப்புல 50 மில்லிமீட்டர் தண்ணி நிக்கணும். ஏசி ஹால்ல, யாரும் தண்ணி ஊத்தாத மூலைல, அது சில வாரத்துல வத்திடும். மேல சொன்ன இழுவையும் சேர்ந்தா இன்னும் சீக்கிரம். காலைல துடைக்கிறவங்களை ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு சொம்பு தண்ணி ஊத்தச் சொல்லுங்க, போதும். யூரினல்ல மஞ்சளா படிஞ்சிருக்கிற உப்புதான் நாத்தம், ரசகற்பூர உருண்டை அதை மறைக்கும், போக்காது. ராத்திரி மூடின பிறகு லேசான ஆசிட் கிளீனர் விட்டுட்டு காலைல தேய்ங்க. அதோட ப்ளீச்சிங் பவுடரைச் சேர்த்தா குளோரின் வாயு கிளம்பும், அந்தத் தப்பை மட்டும் யாரும் பண்ணிடாதீங்க.


வாய்க்கால்கரை:

ஊதுபத்தி வச்சுப் பாத்தேன். ஹூடு ஓடும்போது புகை ஹால் பக்கம் படுத்துக்கிட்டு வருது. அணைச்சா நேரா மேல போகுது. கண்ணாடிக் கதவு இழுக்கக் கனமா இருக்குன்னு ஒருத்தர் எழுதியிருந்தார், அதுவும் இதனாலதான் போல. வாஷ்பேசின் ரெண்டுலயும் ட்ராப் இல்லை.

பீர் பத்தி யாராவது சொல்லுங்க. கெக் (பீர் பீப்பாய்) பின் அறைல ஃப்ரிட்ஜ்ல இருக்கு, குழாய் வரைக்கும் 14 அடி லைன், கவுன்ட்டருக்கு உள்ள ஓடுது. கெக் 30 லிட்டர். சப்ளையர் ஆள் பிரஷரைக் குறைச்சு வச்சுட்டுப் போனார், அதுக்கப்புறம் நுரை இன்னும் ஜாஸ்தி.


பதில்: நுரைக்கணக்கு

குறைச்சா ஜாஸ்தியாகும். எல்லாரும் செய்யற தப்பு. பிரஷர் போதலைன்னா பீருக்குள்ள கரைஞ்சிருக்கிற வாயு லைன்லயே பிரிஞ்சு குமிழா வரும். கிளாஸ்ல நுரை, அடில சப்புன்னு பீர். சாதா லாகருக்கு, பீர் 3 டிகிரில இருக்கும்போது வாயு அழுத்தம் 11, 12 பிஎஸ்ஐ. அங்க வச்சுட்டு கை எடுத்துடுங்க.

இப்போ எந்த மாதிரி நுரைன்னு பாருங்க. முதல் ரெண்டு கிளாஸ் மட்டும் நுரை, அப்புறம் நல்லா வருதுன்னா லைன் சூடு. எல்லா கிளாஸும் நுரைன்னா கெக்கே சூடு, இல்லை பிரஷர். உங்களுக்கு 14 அடி லைன் ஏசி போகாத கவுன்ட்டர் பெட்டிக்குள்ள ஓடுது, கண்டிப்பா சூடு. கவுன்ட்டர்ல பாத்திரம் கழுவற சிங்க் இருக்கா? அது பக்கத்துல ஓடினா இன்னும் மோசம்.

நல்ல வழி, கெக் ஃப்ரிட்ஜையே கவுன்ட்டர் கீழ கொண்டு வர்றது. அப்போ 3/16 அங்குல லைன் நாலடி போதும், அந்தச் சின்ன ஓட்டையே அடிக்கு 3 பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தத்தைத் தின்னுடும். இடம் இல்லைன்னா லைனோட குளிர்நீர்க் குழாயையும் சேர்த்துச் சுத்தி இன்சுலேஷன் போட்ட கட்டு வாங்கணும். வெறும் ஃபோம் குழாய் மட்டும் சுத்தினா கொஞ்ச நேரம் தாங்கும், ரெண்டு கிளாஸுக்கு நடுவுல பத்து நிமிஷம் ஆனா பழையபடிதான்.

கெக் வேன்ல வெயில்ல வந்திருக்கும். வந்த அன்னைக்கே சொருகாதீங்க. முழு 24 மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல கிடக்கட்டும். சனிக்கிழமைக்கு வேணும்னா வியாழக்கிழமை இறக்குங்க. ஃப்ரிட்ஜ் டிஸ்ப்ளேல 3ன்னு காட்டறது காத்தோட சூடு. ரெண்டாவது கிளாஸ் பீருக்குள்ள தெர்மாமீட்டர் விட்டுப் பாருங்க, அதுதான் உண்மை.

குழாயைப் பாதி திறந்து பிடிக்கிற பையன் இருந்தா அவன் கையை மாத்துங்க. ஒரே இழுப்புல முழுசா திறக்கணும். கிளாஸ் 45 டிகிரி சாய்வு, முக்கால் வந்ததும் நிமித்தி, மேல ரெண்டு விரல் நுரை. குழாய் மூக்கு பீருக்குள்ள முங்கக் கூடாது.

கிளீனிங் 14 நாளுக்கு ஒரு தடவை. 2 சதவீத காஸ்டிக் கரைசல், 40 டிகிரி வெதுவெதுப்பு, 15 நிமிஷம் பம்ப் வச்சுச் சுத்தவிடணும். பம்ப் இல்லைன்னா 20 நிமிஷம் ஊறவிடுங்க. பிறகு பச்சைத் தண்ணி விட்டு பிஎச் தாள்ல சோதிங்க, சாதா தண்ணி காட்டற நிறம் வர்ற வரைக்கும் விடணும். காஸ்டிக் கலந்த லைன்ல யாரும் ஒரு கிளாஸ் பிடிச்சுடாம குழாய்ல சீட்டு கட்டித் தொங்கவிடுங்க. குழாய்த் தலையைக் கழட்டி பிரஷ் போடுங்க, புளிச்ச வாடை அங்கதான் ஆரம்பிக்கும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆசிட் கிளீனிங், அது லைன் உள்ள படியற பீர்க்கல்லை எடுக்க.

30 லிட்டர் கெக்குக்கு 330 மில்லி கிளாஸ் 90 கணக்கு. 80க்கு மேல வித்தா நல்ல கை. 65தான் வருதுன்னா மீதி வடிகால்ல போகுது, அது ஓனர் காசு. நியான் போர்டு கேக்கறவருக்கு இந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்க.


வாய்க்கால்கரை:

போன கெக் 61 கிளாஸ். சிங்க் பக்கத்துலதான் லைன் ஓடுது. கிளாஸை கிச்சன் சிங்க்லதான் கழுவறோம், அதுல தப்பு உண்டா?


பதில்: நுரைக்கணக்கு

உண்டு. வறுவல் எண்ணெய்ப் பிசுக்கு கிளாஸ்ல ஒட்டினா நுரை நிக்காது, ஓரத்துல குமிழ் குமிழா ஒட்டும். கழுவின கிளாஸை நனைச்சு உள்பக்கம் உப்பு தூவுங்க. உப்பு ஒரே சீரா ஒட்டினா சுத்தம். தீவு தீவா இடம் விட்டா எண்ணெய். கவுன்ட்டர்லயே தனி சிங்க், தனி பிரஷ். துணியால துடைக்காம கம்பி ஜாலில கவுத்து வைங்க.


பதில்: எதிரொலி

சத்தத்துக்கு வர்றேன். உங்க ஹால்ல மேல, கீழ, பக்கம் எல்லாமே கல்லும் கண்ணாடியும். கணக்குப் போட்டா காலி ஹால்ல ஒரு கைத்தட்டு அடங்க கிட்டத்தட்ட 3 செகண்ட் ஆகும். 48 பேர் உக்காந்தா உடம்பும் துணியும் உறிஞ்சி 1.2 செகண்டுக்கு வரும். அதுவும் அதிகம்தான். பேச்சு குழம்பும்போது ஆளுக்கு ஆள் குரலை உசத்துவாங்க, உடனே பாட்டையும் உசத்துவாங்க, அப்புறம் கத்தல்தான். பழைய ஓட்டுக்கூரைல சத்தம் ஓட்டு இடுக்குலயும் ஜன்னல்லயும் வெளிய போயிடும்.

25 சதுர மீட்டர் உறிஞ்சு பேனல் போட்டா முக்கால் செகண்டுக்கு இறங்கும். 4க்கு 2 அடி பேனல்னா 34. பாதிக்கு மேல சீலிங்ல, மேஜைகளுக்கு நேர் மேல தொங்கவிடுங்க. பாக்கி கண்ணாடிக்கு எதிர்ச் சுவர்ல. உள்ள 50 மில்லிமீட்டர் ராக்வுல் (பாறை நார்), கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, மேல பாலியஸ்டர் துணி. பருத்தித் துணி வேண்டாம், நம்ம ஈரக் காத்துக்கு ஒரு மழைக்காலத்துல பூசணம் பிடிக்கும். சுவருக்கும் பேனலுக்கும் 2 அங்குலம் இடைவெளி விட்டா ஆம்பளைக் கட்டைக்குரலும் அடங்கும். முட்டை அட்டை மாதிரி இருக்கிற கறுப்பு ஃபோமை மட்டும் வாங்காதீங்க. தீப்பிடிச்சா சொட்டு சொட்டா உருகும், புகையே ஆளைக் கொல்லும்.

மூலைல ரெண்டு பெரிய ஸ்பீக்கர் இருந்தா எடுத்துட்டு, சீலிங்ல ஆறு சின்னது, குறைஞ்ச சத்தத்துல. நாற்காலிக் காலுக்கெல்லாம் ரப்பர் புஷ். டைல்ஸ்ல இரும்புக் கால் இழுபடற கிறீச் சத்தம் பேச்சைவிட மோசம்.


பதில்: மூணாவது_மேஜை

எஞ்சினியருங்க பேசியாச்சு. இனி உக்கார்றவன் பக்கம்.

ஸ்டூல்: கவுன்ட்டர் உயரத்தையும் ஸ்டூல் உயரத்தையும் அளந்து போடுங்க. கவுன்ட்டர் 42 அங்குலம்னா ஸ்டூல் 30. இடைவெளி 10க்குக் கீழ போனா தொடை இடிக்கும். கால் வைக்கிற கம்பி தரையிலிருந்து 12 அங்குலத்துல இருக்கணும், வேட்டிக்காரர் அதுல ஏறித்தான் உக்காரணும். அது 16ல இருந்தா ஏணி ஏறற மாதிரி. அறுபது வயசுக்காரங்களுக்கு உயர மேஜையே வேண்டாம், சுவரோரம் 18 அங்குல நாற்காலி, 30 அங்குல மேஜை பாதியாவது இருக்கட்டும். மேஜைப் பலகை 24க்கு 24 போட்டிருந்தா அதுவும் தப்பு. 650 மில்லி பாட்டில் ரெண்டு, கிளாஸ் ரெண்டு, தண்ணி பாட்டில், சுண்டல், ஆம்லெட், கடம்பா (கணவாய்) வறுவல் வந்தா தட்டு மடில இருக்கும். 24க்கு 30 வேணும்.

ஸ்டூல் ஸ்டெயின்லெஸ்னு சொல்லித்தானே வித்தாங்க? வெல்டு வச்ச இடத்துல டீக்கறை மாதிரி தெரிஞ்சா 304க்குப் பதிலா மலிவு ரகமான 202ஆ இருக்க வாய்ப்பு அதிகம். காந்தம் வச்சுப் பாத்து 304தான்னு ஏமாறாதீங்க, 202லயும் காந்தம் பெருசா ஒட்டாது. சோதிக்கிற மருந்துத் துளி கடைல கிடைக்கும்.

பெக்: நீங்க அளந்தது சரியா இருக்கும். குறையறது கண்ணுக்கு. புதுக் கிளாஸ் உள்வாய் 7 சென்டிமீட்டர் அகலம்னா 60 மில்லி ஒன்றரை சென்டிமீட்டர் உயரம்தான் நிக்கும். பழைய 5.5 சென்டிமீட்டர் கிளாஸ்ல அதே 60 இரண்டரை சென்டிமீட்டர். முப்பது வருஷமா கோட்டைப் பாத்துக் குடிச்சவன் கண்ணு சும்மா இருக்குமா? போதாக்குறைக்கு மூக்கு வச்ச பாட்டில்ல கையளவா ஊத்தறாங்க, நீல விளக்கு வேற. முத்திரை குத்தின அளவைக் குவளையை எடுத்து மேஜை முன்னாடியே ஊத்தச் சொல்லுங்க. குவார்ட்டர் கேட்டா சீலோட கொண்டு வந்து முன்னாடி உடைக்கட்டும். கவுன்ட்டருக்கு மேல மஞ்சள் வெளிச்சம், 2700 கெல்வின்.

திண்டு: அதை இடிச்சதுதான் பெரிய நஷ்டம். வேலை முடிஞ்சு வர்றவர் நாற்காலில உக்காந்தா மெனு வரும், தண்ணி பாட்டில் வரும், பில் வர அரை மணி. அவருக்கு வேண்டியது 90 மில்லி, ரெண்டு மாங்காத் துண்டு, ஏழு நிமிஷம். வாசல் பக்கச் சுவர்ல 12 அடி நீளத்துக்கு கிரானைட் பலகை, 42 அங்குல உயரம், 10 அங்குல அகலம், முனையை உருட்டி விடுங்க. ஆறேழு பேர் நிக்கலாம். கீழ கால் வைக்க 6 அங்குலத்துல ஒரு குழாய். கையோட காசு, பில் மேஜைக்கு வரவே வேண்டாம்.

பில்லுன்னதும் ஞாபகம். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, சாப்பாட்டுக்கு மட்டும் 5 சதவீதம். மொத்தத் தொகைக்கும் சேர்த்து 5 போடற சாஃப்ட்வேர் செட்டிங் புதுசா திறக்கற இடத்துல சகஜம், ஒரு தடவை பாத்துடுங்க. சர்வீஸ் சார்ஜை தானா சேர்க்கக் கூடாதுன்னு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022ல சொல்லி, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்ல அதை உறுதியும் பண்ணிடுச்சு. கடலூர்லேருந்து வர்றவங்க மீதி பாட்டிலைக் கட்டிக் கேட்டா கொடுக்காதீங்க, எல்லைல இருக்கற முள்ளோடை தாண்டினா தமிழ்நாட்டு மதுவிலக்குப் போலீஸ் கேஸ் அவங்க தலைல விழும்.


வாய்க்கால்கரை:

கிளாஸை அளந்தேன், உள்வாய் 7.2. பழசு ரெண்டு பெட்டி குடோன்ல கிடக்கு, நாளைக்கே எடுக்கறோம். வரிசை இப்படி வச்சிருக்கேன்: இந்த வாரம் கிச்சன் பின்கதவு வலை, தள்ளு பலகை, ட்ராப், அளவைக் குவளை. அடுத்து பீர் ஃப்ரிட்ஜை இடம் மாத்தறது, திண்டு. டக்ட்டும் பேனலும் அடுத்த மாசம். மெனுல கை வைக்கணுமா?


பதில்: மூணாவது_மேஜை

லேமினேட் பண்ண கார்டுல மீன் அயிட்டத்தைப் பேர் போட்டு அச்சடிச்சிருந்தா அதை எடுங்க. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஃபைபர் படகு கொண்டு வர்றதுதான் வரத்து, நெத்திலி ஒரு நாள் இருக்கும், மூணு நாள் இருக்காது. கார்டுல இருக்கேன்னு ஐஸ்ல கிடந்த கடம்பாவை வறுத்தா ரப்பர். அன்னன்னைக்கு வந்ததை கரும்பலகைல எழுதுங்க. அவிச்ச வேர்க்கடலை, சுண்டல், ஆம்லெட், ஈரல் மிளகு வறுவல் இந்த நாலும் எந்த நாளும் அஞ்சு நிமிஷத்துக்குள்ள மேஜைக்கு வரணும், மத்ததெல்லாம் இருந்தா பாக்கலாம்.

வறுக்கற எண்ணெயும் ஒரு கண்ணு. எண்ணெய் கெடக் கெட ஏறற போலார் சேர்மம் 25 சதவீதம் தாண்டினா ஊத்திடணும்னு 2018லேருந்து விதி இருக்கு, அளக்கற கருவி வாங்கலைன்னாலும் அடையாளம் தெரியும்: மீனைப் போட்டதும் பொங்கற நுரை அடங்காம ஓரத்துலயே நின்னா, சூடாகறதுக்கு முன்னாடியே புகைஞ்சா, அது முடிஞ்ச எண்ணெய். மஞ்சளும் மிளகாத்தூளும் போட்டு வறுக்கற நம்ம ஊர் மீன் வறுவல்ல தூள் அடில கருகி எண்ணெயைச் சீக்கிரம் கெடுக்கும். ஒவ்வொரு ஷிப்ட்டுக்கும் துணில வடிகட்டச் சொல்லுங்க, கோழிக்கு ஒரு சட்டி, மீனுக்கு ஒரு சட்டி.